வீட்டின் ராசி விசாரிக்க வந்தவர்

சாரதா காலனி, மியாபூர்
2-2-1998

அன்புத் தம்பி சோமயாஜுலுவுக்கு அக்கா காமேஸ்வரியின் ஆசிகள்.

நான் நலம் என்று எழுதினால் என் இடது முழங்கால் கோபித்துக்கொள்ளும். அது நீங்கலாக மற்றதெல்லாம் நலம். பிலாயில் குளிர் எப்படி? ஹைமாவும் சந்தீப்பும் சௌக்கியமா? உன் இருமல் விட்டதா?

சங்கராந்திக்கு நீ போட்ட கடிதம் கிடைத்தது. அப்பா கட்டிய வீட்டை இந்தச் சூட்டிலேயே விற்றுவிட வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். சூடு என்றால் அப்படி இப்படி இல்லை. ஞாயிற்றுக்கிழமை வந்தால் நம் தெருவில் சைக்கிள் போக வழியில்லை, கார்களாய் நிற்கின்றன. இறங்குகிறவர்கள் காலால் தரையைத் தட்டிப் பார்க்கிறார்கள், கிணற்றை எட்டிப் பார்க்கிறார்கள், என்னை ஏற இறங்கப் பார்க்கிறார்கள். மாதாபூரில் கம்ப்யூட்டர்காரர்களுக்காக வட்டமாய் ஒரு கட்டடம் எழும்புகிறது. அது ஒரு மாடி ஏறினால் இங்கே கஜத்துக்கு நூறு ரூபாய் ஏறுகிறது. போன தசராவுக்கு வீட்டோடு சேர்த்துக் கஜம் ஆயிரத்து எண்ணூறு. இன்று இரண்டாயிரத்து நானூறு. நம் பால்காரன் எருமைகளை விற்றுவிட்டு வீட்டுத் தரகனாகிவிட்டான். காலனியில் பாலுக்குத்தான் பஞ்சம்.

ஆனால் எல்லா வீட்டுக்கும் ஒரே விலை இல்லை. எதிர்வரிசையில் நாகபூஷணம் வீடு புத்தம் புதிது, பளிங்குத் தரை. ஆயிரத்து அறுநூறுக்குமேல் ஒருவரும் கேட்கவில்லை. அவர் வியாபாரம் நொடித்து விற்கிறார் அல்லவா? அதற்கடுத்த வீடு சுவரெல்லாம் ஓதம். மகன் அமெரிக்கா போய்விட்டான் என்பதற்காக அதற்கு மூவாயிரம்! தரகர் யாதகிரியிடம் இது என்ன நியாயம் என்று கேட்டேன். "டீச்சரம்மா, இங்க செங்கல்லுக்கா விலை குடுக்குறாங்க? குடியிருந்தவன் எப்படிப் போனான்னு பாத்துத்தான் விலை. கார்ல ஏறிப் போனானா, கண்ணத் தொடச்சிக்கிட்டுப் போனானா? ராசியான வீடுன்னா ஓதம்கூட வாசனையா இருக்கும்" என்றார்.

எனக்கும் விற்பதில் சம்மதமே. ஜூன் மாதத்தோடு பள்ளிக்கூடம் என்னை அனுப்பிவிடும். அப்பா பத்திரத்தில் நம் இருவர் பெயரையும் சமமாக எழுதியிருக்கிறார். என் பாதியில் இதே பக்கத்தில் இரண்டு அறை அடுக்கக வீடு ஒன்று கிடைக்கும். இத்தனை வருஷம் அப்பா வீட்டில் இருந்துவிட்டேன். இனி யாருடைய வீட்டிலும் இருக்க எனக்கு மனசில்லை. கதவில் என் பெயர் இருக்க வேண்டும். ஆசை என்றால் இந்த ஒன்றுதான், மறைக்காமல் சொல்கிறேன்.

குழந்தைக்கு என் முத்தம். பொறியியல் கல்லூரிக்குப் போகிறவனைக் குழந்தை என்றால் உதைப்பானோ?

அக்கா

*

பிலாய்
22-2-1998

மதிப்பிற்குரிய அக்காவுக்குச் சோமு நமஸ்கரித்து எழுதுவது.

தங்கள் முழங்காலுக்கு நல்லெண்ணெயில் கற்பூரம் போட்டுக் காய்ச்சித் தேய்க்கவும். இருமல் விட்டது. ஆனால் வேறு கஷ்டங்கள் விட்டபாடில்லை.

கடிதம் கண்டேன். கவரின் ஓரம் பிரித்து ஒட்டியதுபோல இருந்தது. இனி நல்ல பசையாகப் பார்த்து ஒட்டவும். எஸ்.டி.டி. பூத்திலிருந்து விலை விவரம் எதுவும் பேசவேண்டாம். அந்தப் பூத்துக்காரர்கள் எல்லோரும் தரகர்களுக்குக் காது.

விலை இரண்டாயிரத்து நானூறு என்று எழுதியிருக்கிறீர்கள். என்னோடு வேலை பார்க்கும் பிரசாத்தின் சகலை உங்கள் பக்கம்தான் இருக்கிறார். அவர் இரண்டாயிரத்து எண்ணூறு என்கிறார். உங்களைச் சந்தேகிப்பதாக நினைக்க வேண்டாம். அந்த யாதகிரி உங்களிடம் ஒரு விலையும் வாங்குகிறவரிடம் ஒரு விலையும் சொல்கிறானோ என்றுதான் கேட்கிறேன்.

இன்னொரு விஷயம். சொல்லக் கூச்சமாக இருக்கிறது. இங்கே ஓவர்டைம் நின்றுவிட்டது. ஹைமாவுக்குச் சர்க்கரை. சந்தீப்புக்குக் கல்லூரியில் நன்கொடை கேட்கிறார்கள். கடன் கழுத்துவரை. தாங்கள் ஒற்றை உயிர். பென்ஷனும் வரும். ஆகையால் பாதி பாதி என்பதற்குப் பதிலாக எனக்கு இரண்டு பங்கு, தங்களுக்கு ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால் அப்பாவின் ஆத்மாவும் சந்தோஷப்படும். தங்களுக்கென்று இங்கே ஓர் அறை எப்போதும் உண்டு.

யோசித்து எழுதவும்.

தம்பி சோமு

*

சாரதா காலனி
14-3-1998

சோமுவுக்கு ஆசிகள்.

கற்பூர எண்ணெய் தேய்த்தேன். முழங்கால் அப்படியே இருக்கிறது, வீடு முழுவதும் கோயில் வாசனை. ஹைமாவுக்குச் சர்க்கரை எப்போதிலிருந்து? ஒரு வார்த்தை எழுதவில்லையே.

ஒற்றை உயிர் என்று எழுதியிருக்கிறாய். ஒற்றை உயிர் மழையில் நனையாதா? மூன்றில் ஒரு பங்கில் இந்தப் பக்கம் குளியலறைகூடக் கிடைக்காது. நீ தருகிறேன் என்கிற அந்த அறையை நான் பார்த்திருக்கிறேன். அதில் உங்கள் அரிசி மூட்டையும் பழைய கட்டிலும் இருந்தன. அப்பா படுக்கையில் கிடந்த ஒன்பது வருஷமும் அவர் ஆத்மா என்ன சொல்லிற்று என்று பக்கத்தில் இருந்து கேட்டவள் நான். பாதி என்றால் என் கையெழுத்து உண்டு. மூன்றில் ஒன்று என்றால் இல்லை. கோபமாக எழுதுகிறேன் என்று நினைக்காதே, கோபமாகத்தான் எழுதுகிறேன்.

பிரசாத்தின் சகலையை ஒருநாள் வீட்டுக்கு வரச்சொல். இரண்டாயிரத்து எண்ணூறுக்கு அவரே வாங்கிக்கொள்ளட்டும்.

நல்ல செய்தி ஒன்று. பீமவரத்தில் அரிசி ஆலை வைத்திருக்கும் வீரராகவ ராஜு என்பவர் மனைவியோடு வந்தார். வீடு அவருக்குப் பிடித்துவிட்டது. கஜம் மூவாயிரத்துக்கே தயார் என்கிறார். ஆனால் விசாரிக்காமல் எதையும் தொடாத மனிதர். ஆயிரம் கேள்வி கேட்டார், பதில் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்தது. "பெரியவங்க கத்திரிக்காயவே அமுக்கிப் பாத்து வாங்குனாங்க. இது வீடும்மா. ரெண்டு மாசம் டைம் குடுங்க" என்றார். கொடுத்திருக்கிறேன்.

உகாதிக்குப் புது வேஷ்டி எடுத்துக்கொள்.

அக்கா

*

பிலாய்
30-3-1998

அன்புள்ள வதினாவுக்கு ஹைமவதி அநேக நமஸ்காரம்.

உகாதி நல்லபடியாக நடந்தது. பச்சடியில் வேப்பம்பூ கொஞ்சம் கூடிவிட்டது, உங்கள் தம்பி முகத்தை அப்படிச் சுளித்தார். உங்கள் முழங்கால் வலி பற்றிச் சொன்னார். ஜாக்கிரதையாக இருங்கள் வதினா, மாடிப்படி ஏறாதீர்கள்.

நான் எழுதுவது அவருக்குத் தெரியாது. தெரிந்தால், "உனக்கு எதுக்கு ஊர்வம்பு?" என்பார். எனக்குக் கோங்குரா ஊறுகாய் வேண்டும், அதுதான் விஷயம். இங்கே கிடைப்பது புளிப்பே இல்லை. யாராவது வந்தால் ஒரு ஜாடி கொடுத்தனுப்புங்கள். காரம் தாராளமாக இருக்கட்டும். எனக்குச் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு ஒரு மண்ணும் இல்லை, போன மாதம்தான் ஆஸ்பத்திரியில் எல்லாம் பார்த்தார்கள். டாக்டரே, "உங்களுக்கு என்னம்மா, கல்லு மாதிரி இருக்கீங்க" என்று சிரித்தார்.

கோடையில் நீங்கள் இங்கே வாருங்கள். இப்போது ஸ்டேஷனுக்கு ஆட்டோவுக்கு அலையவேண்டாம், நம் காரிலேயே அழைத்து வந்துவிடுவோம். வெள்ளைக் கார், தீபாவளிக்கு வாங்கினது. நாக்பூரில் அடுக்கக வீடு ஒன்றும் பதிவு செய்திருக்கிறார், தசரா வாக்கில் பால் காய்ச்சலாம். கண் படும், யாரிடமும் சொல்லாதே என்றார். நீங்கள் யாரோவா? சந்தீப்புக்கு ரூர்க்கேலாவில் நன்கொடை இல்லாமலே இடம் கிடைக்கும்போல இருக்கிறது. எல்லாம் மாமாவின் ஆசீர்வாதம், அந்த வீட்டின் ராசி.

ஊறுகாயை மறக்கவேண்டாம்.

ஹைமா

*

பிலாய்
28-4-1998

அக்காவுக்குச் சோமு எழுதுவது.

இங்கே எல்லோரும் இருக்கிறோம். நலமா என்று கேட்டால் பதில் சொல்லத் தெரியவில்லை. ஒரு மாதத்துக்குமேல் ஆகியும் தங்களிடமிருந்து கடிதம் இல்லை. கடிதத்துக்குப் பதில் ஆள் வந்திருக்கிறார்.

நடந்ததை அப்படியே எழுதுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை காலை, கையில் பை, கோதாவரிப் பக்கத்துப் பேச்சு, ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் குவார்ட்டர்ஸ் வாசலில் நின்றார். பக்கத்தில் ராய்ப்பூரில் ஏதோ வேலையாம், தெலுங்குக்காரர்கள் வீடு என்று கேள்விப்பட்டு வந்தாராம். உட்காரவைத்தேன். காபி உள்ளே போனதும் ஆரம்பித்தார்.

"ஐதராபாத்ல வீடு இருக்காமே உங்களுக்கு?"

"இருக்கு. அக்கா இருக்காங்க."

"அந்த வீட்லேர்ந்துதான வேலைக்கு வந்தீங்க? கல்யாணமும் அங்கதானா? வந்ததுக்கப்புறம் எப்படி, நல்லா இருக்கீங்களா? பணம் காசு? பிள்ள படிப்பு? வீட்ல அம்மாவுக்கு உடம்பு?"

எனக்குப் பொறி தட்டிவிட்டது அக்கா. முன்பின் தெரியாதவனுக்கு என் மனைவியின் உடம்பைப் பற்றி என்ன கவலை? நான் இரண்டு பங்கு கேட்டேன். நான் கஷ்டப்படுவது நிஜமா என்று பார்த்துவர ஆள் அனுப்பியிருக்கிறீர்கள். கேட்டால் நானே சொல்லமாட்டேனா? கூடப்பிறந்தவனை வேவு பார்ப்பதா?

மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். "அந்த வீட்டை விட்டு வந்த நாள்லேர்ந்து கஷ்டம்தாங்க. கடன்காரன் வாசல்ல நிக்கறான். வீட்ல அவளுக்குச் சர்க்கரை, கண்ணே மங்கிப்போச்சு. பையன் ரெண்டு தரம் ஃபெயில்" என்றேன். போகும்போது வாசலில் உறை போட்டு நின்ற காரைக் காட்டி, இது யாருடையது என்றார். எதிர்வீட்டு மிஸ்ராவுடையது என்றேன். அதுதான் உண்மையும். அந்த நேரம் பார்த்து ஹைமா கோயிலுக்குப் போயிருந்தாள், இல்லாவிட்டால் அவளும் அழுதிருப்பாள்.

தங்கள் ஆள் எல்லாம் சொல்லியிருப்பார். இனியாவது நம்புங்கள்.

சோமு

*

சாரதா காலனி
10-5-1998

சோமுவுக்கு அக்காவின் ஆசிகள்.

வெயிலில் வெளியே அலையாதே, மோர் நிறையக் குடி. நான் நலம்.

நான் யாரையும் அனுப்பவில்லை. பென்ஷன் தாள்களுக்காக அலைந்ததில் கடிதம் எழுத நேரமில்லை, அவ்வளவுதான். உன்னைப் பார்க்க எனக்கு ஆள் எதற்கு? சின்ன வயதில் நீ அழுதால் அது பசியா பாசாங்கா என்று அடுத்த அறையிலிருந்தே சொல்லிவிடுவேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்த மனிதரிடம் நீ சொன்னது நிஜமா? கடன், ஹைமாவின் கண், பையன் ஃபெயில், எல்லாம்? ஒரு வரி போதும். இல்லை என்றாலும் நான் கோபித்துக்கொள்ளமாட்டேன். உடனே எழுது.

கோங்குரா ஊறுகாய் ஒரு ஜாடி அனுப்புகிறேன், நம் ஊர்க்காரர் ஒருவர் உங்கள் பக்கத்து ஊர் துர்க்குக்குப் போகிறார். காரம் கொஞ்சம் தூக்கல்தான்.

அக்கா

*

பிலாய்
21-5-1998

அக்காவுக்கு நமஸ்காரம்.

ஊறுகாய் கிடைத்தது. ஹைமா சாப்பிடக்கூடாதுதான், ஆனாலும் நாக்கு கேட்கிறதாம்.

ஒரு வரி கேட்டீர்கள். அத்தனையும் நிஜம். இன்னும் குறைத்தே சொன்னேன். சந்தீப்பின் தலைமேல் அடித்துச் சத்தியம் செய்யச் சொன்னாலும் செய்வேன். ஆள் அனுப்பவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். சரி, நம்புகிறேன். ஆனால் பின்னே அவருக்கு வீட்டைப் பற்றி எப்படித் தெரியும் என்று பிரசாத்தும் கேட்கிறான்.

இரண்டு பங்கு, ஒரு பங்கு. இதில் மாற்றம் இல்லை. மாற்றம் என்றால் நான் பதிவுக்கு வரமுடியாது. ராஜு பணம் கொடுக்கிறாரா, எப்போது? எனக்கு நவராத்திரிக்குள் கட்டாயம் தேவைப்படுகிறது. என்ன தேவை என்று கேட்காதீர்கள்.

சோமு

*

சாரதா காலனி
5-7-1998

சோமுவுக்கு ஆசிகள்.

கடிதம் தாமதமானதற்குக் காரணம் உண்டு. முப்பதாம் தேதி என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து மாலை போட்டு அனுப்பினார்கள். தலைமையாசிரியர் என்னைப் பொறுமையின் சிகரம் என்று பேசினார். ஏழாம் வகுப்புப் பையன்கள் சிரித்தார்கள், அவர்களுக்கு உண்மை தெரியும். முழங்கால் அப்படியே இருக்கிறது.

ராஜு வீட்டை வாங்கவில்லை.

யார் வந்தது என்று உனக்குத் தெரியவேண்டும் அல்லவா? அவர் ராஜுவின் மைத்துனர். ஆலைக்குத் தவிடு விஷயமாக வருஷத்தில் இரண்டு முறை ராய்ப்பூர் வருகிறவர். அந்த வீட்டில் வளர்ந்து வெளியே போன பிள்ளை எப்படி இருக்கிறான் என்று பார்த்து வரச் சொல்லி ராஜு அனுப்பியிருக்கிறார். ராசி விசாரிக்கிறாராம். நான் முதல் கடிதத்திலேயே எழுதினேனே, இங்கே செங்கல்லுக்கு விலை இல்லை என்று. நீதான் விலையை மட்டும் படித்திருக்கிறாய்.

அவர் திரும்பிவந்து நீ சொன்னதை அட்சரம் பிசகாமல் சொல்லியிருக்கிறார். ராஜுவின் மனைவி கையெடுத்துக் கும்பிட்டாளாம், நல்லவேளை தப்பினோம் என்று. அதோடு போயிருந்தால் பரவாயில்லை. இந்தக் காலனியில் பஸ் வருவதற்குமுன் பேச்சு வந்துவிடும். போன வாரம் ஒரு குடும்பம் காரிலிருந்து இறங்காமலே திரும்பிற்று. யாதகிரி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். "டீச்சரம்மா, உங்க தம்பி ஒரு மணி நேரத்துல அஞ்சு லட்சத்தக் காபியோட குடிச்சிட்டாரு. வெளிய போன பிள்ள கடன்ல, மருமக கண்ணு அவிஞ்சி, பேரன் ஃபெயிலு! நாகபூஷணம் வீடே தேவலாம்னுட்டாங்க" என்கிறார். இப்போது கேட்கிறவர்கள் ஆயிரத்து ஐந்நூறுக்குமேல் வாய் திறப்பதில்லை.

உன் கஷ்டத்தை நினைத்தால்தான் எனக்கு மனசு ஆறவில்லை. ஹைமாவை நல்ல கண் டாக்டரிடம் காட்டு.

அக்கா

*

பிலாய்
18-7-1998

அக்காவுக்குச் சோமு அவசரமாக எழுதுவது.

உடம்புக்கு எல்லோரும் நலம். மிகவும் நலம்.

இது என்ன அநியாயம்? ராஜுவின் ஆள் என்று முன்னாலேயே எழுதியிருந்தால் நான் பேசுகிற விதமே வேறாக இருந்திருக்கும். ராய்ப்பூருக்கு வருகிறவர் என்று தங்களுக்குத் தெரியாதா? தெரிந்தும் எழுதவில்லையா? யாதகிரிக்கு இதில் கை இருக்கிறது. விலையை இறக்கித் தானே வாங்கப் பார்க்கிறான்.

உடனே ராஜுவிடம் போய்ச் சொல்லுங்கள். இங்கே நிலைமை திடீரென்று மாறிவிட்டது. கடனில் பெரும்பகுதி அடைந்துவிட்டது. ஹைமாவின் கண்ணுக்குப் புது மருந்து கொடுத்ததில் பத்திரிகையே படிக்கிறாள். சந்தீப்பின் மார்க்கில் கூட்டல் தவறு இருந்ததாம், பாஸ். எனக்குப் பதவி உயர்வும் வரலாம். ஒரு கார் வாங்கும் யோசனைகூட இருக்கிறது. வேண்டுமானால் அந்த மைத்துனரை மறுபடி அனுப்பச் சொல்லுங்கள், செலவு என்னுடையது.

வாஸ்து பார்க்கிறவரை அழைத்து வாசலை மாற்றிவைத்தால் பேச்சு அடங்குமா? பங்கு விஷயம் பிறகு பேசலாம்.

சோமு

*

சாரதா காலனி
9-8-1998

சோமுவுக்கு ஆசிகள்.

உன் வீட்டில் நல்ல காலம் இவ்வளவு வேகமாக வந்ததில் மகிழ்ச்சி. பிலாய்க்கு எந்த ரயிலில் வந்தது?

யாதகிரி மூலம் ராஜுவுக்குச் சொல்லி அனுப்பினேன். அவர் சிரித்தாராம். "ஏப்ரல்ல குருடு, ஜூலைல பேப்பர் படிக்கறாங்களா? வீட்ட விக்கணும்னா மனுஷன் என்ன வேணா சொல்வான்யா. அன்னிக்கு எதையும் எதிர்பாக்காம சொன்னாரே, அதுதான் நிஜம்" என்றாராம். அவரைக் குறை சொல்ல முடியவில்லை. வாசலை மாற்றினால், ராசியில்லாததால்தான் மாற்றினார்கள் என்பார்கள். அதையும் யோசித்துப் பார்த்துவிட்டேன்.

இப்போது நான் சொல்வதைக் கேள். ஆயிரத்து ஐந்நூறுக்கு ஓர் ஆள் தயாராக இருக்கிறார். ராசி பார்க்காதவர், தரகு கிடையாது, முழுப் பணம் ஒரே தவணை. அது நான்தான். என் பள்ளிக்கூடப் பணம் முழுவதும் வந்துவிட்டது. முந்நூறு கஜத்துக்கு நாலரை லட்சம். உன் பாதி இரண்டேகால் லட்சத்தை உன் கையில் வைத்துவிடுகிறேன். செப்டம்பரில் பதிவு வைத்துக்கொள்ளலாம். நவராத்திரிக்குள் கட்டாயம் தேவை என்று எழுதியிருந்தாயே.

வேண்டாம், விலை ஏறும்வரை காத்திருப்போம் என்றால் அதுவும் சரி. வேறு யாருக்கும் நான் கையெழுத்துப் போடப்போவதில்லை. நான் பாட்டுக்கு இங்கே இருப்பேன், முழங்காலுக்குக் கற்பூர எண்ணெய் தேய்த்துக்கொண்டு. நம் குடும்பத்தில் பெண்கள் தொண்ணூறு வரை இருப்பார்கள், உனக்குத் தெரியும்.

கஷ்டத்தில் இருக்கும் தம்பிக்கு உதவத்தான் இதைச் சொல்கிறேன் என்று ஊரில் சொல்லியிருக்கிறேன். நீ வேறு விதமாகச் சொன்னால் நம்ப யாருமில்லை.

அக்கா

*

பிலாய்
25-8-1998

அக்காவுக்கு.

இங்கே அனைவரும் நலம். அங்கே தங்கள் நலம் எனக்குத் தெரிகிறது.

செப்டம்பர் பதினெட்டு வெள்ளிக்கிழமை வருகிறேன். பத்திரத்தைத் தயாராக வைக்கவும். சாப்பாடு எதுவும் செய்யவேண்டாம், மாலை ரயிலுக்கே திரும்பிவிடுவேன். ஹைமா வரவில்லை. அவள் தங்களுக்கு ஏதாவது எழுதினாளா என்று கேட்டேன், ஊறுகாய் கேட்டு எழுதியதாகச் சொன்னாள். வேறு ஒன்றும் எழுதவில்லையாம். கேட்டதிலிருந்து அழுகிறாள்.

ஒன்று மட்டும் எனக்குத் தெரியவேண்டும். அந்த மைத்துனர் காரை இரண்டு முறை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் போனார். நான் சொன்னதை அவர் முழுசாக நம்பவில்லை என்று அப்போதே எனக்குத் தோன்றிற்று. பிறகு எப்படி நம்பினார்கள்? ராஜு முடிவு சொல்வதற்குமுன் தங்களிடம் வந்தாரா?

சோமு

*

சாரதா காலனி
4-10-1998

என் தம்பி சோமுவுக்கு அக்காவின் ஆசிகள்.

நல்லபடியாக ஊர் போய்ச் சேர்ந்திருப்பாய். பதிவு அலுவலகத்தில் நீ என் முகத்தைப் பார்க்கவில்லை. பெஞ்சின் இந்த முனையில் நான், அந்த முனையில் நீ. பெசரட்டு செய்து டப்பாவில் கொண்டுவந்திருந்தேன். அதையும் நீ தொடவில்லை, யாதகிரிதான் சாப்பிட்டார். எனக்கு அது கஷ்டமாகத்தான் இருந்தது. ஹைமாவைத் திட்டாதே. அவள் என்னை வீட்டு மனுஷி என்று நினைத்து எழுதினாள். அந்த வீட்டில் அப்படி நினைத்தவள் அவள் ஒருத்திதான்.

கதவில் என் பெயர்ப்பலகை ஏறிவிட்டது. போன ஞாயிறு மறுபடி கார்கள் வந்தன. யாதகிரி வாசலில் நின்று, "பாத்துக்குங்க, டீச்சரம்மா ரிடையரான மூணே மாசத்துல முழு வீடும் சொந்தமாப் போச்சு. இதவிட ராசி என்ன வேணும்?" என்று சொல்லிக்கொண்டிருந்தார். மூவாயிரத்து இருநூறு தருகிறேன் என்றார் ஒருவர். விற்பதாக இல்லை என்றேன்.

நீ கடிதத்தில் கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன். நேரில் கேட்டிருந்தால் நேரிலேயே சொல்லியிருப்பேன். நீ கேட்கவில்லை.

ராஜு வந்தார். மே மாதம் முதல் வாரத்தில், தனியாக. நம் கூடத்தில் உட்கார்ந்து, "அம்மா, என் மச்சானுக்கு ஒரு சந்தேகம். வாசல்ல கார் நிக்குது, வீட்டுக்குள்ள எல்லாம் புதுசா இருக்குது, பேச்சு மட்டும் தரித்திரமா இருக்குதுங்கறான். கூடப்பொறந்தவங்களுக்குப் பங்கு குடுக்க பயந்துக்கிட்டு இல்லப்பாட்டுப் பாடறவங்களும் உண்டு. நீங்க இல்லைன்னு ஒரு வார்த்த சொல்லுங்க, உடனே பத்திரம் எழுதிக்கலாம். உங்க தம்பி சொன்னது நெஜமா?" என்று கேட்டார்.

நான் மூன்று வாரம் தவணை வாங்கிக்கொண்டு உனக்கு எழுதினேன். ஒரு வரி கேட்டேன். இல்லை என்று நீ எழுதியிருந்தால் மூவாயிரத்துக்கு விற்றிருக்கும். உன் பாதி உனக்கு, என் பாதி எனக்கு. நீ பிள்ளை தலைமேல் சத்தியம் என்று எழுதினாய். தவணை முடிந்து ராஜு வந்தபோது அந்தக் கடிதம் என் மடியில் இருந்தது. அன்று எனக்கு வந்த அழுகை உனக்காகவா எனக்காகவா என்று இன்னும் தெரியவில்லை.

அவரிடம், "நெஜந்தாங்க. என் தம்பி பொய் சொல்லமாட்டான்" என்றேன்.

குளிர் வரப்போகிறது, இருமலைக் கவனித்துக்கொள். நாக்பூர் வீட்டில் பால் காய்ச்சும் தேதியை எனக்கும் எழுது.

அக்கா காமேஸ்வரி